ஃபொக்ஸ்கொன் எங்கே இடறக்கூடும்? வடக்கில் ஆலை கேட்போர் பார்க்க வேண்டிய கணக்கு

நூறு ரூபாவுக்குப் பொருள் விற்றால் கையில் இரண்டு ரூபா மிஞ்சுகிற தொழில் அது. ஹொன் ஹாய் என்ற தாய்வான் நிறுவனத்தை உலகம் ஃபொக்ஸ்கொன் என்ற பெயரில் அறியும். 2024ஆம் ஆண்டில் அதன் வருமானம் 6.86 ட்ரில்லியன் தாய்வான் டொலர். செலவும் வரியும் போக நின்ற இலாபம் 152.7 பில்லியன். கணக்குப் போட்டால் 2.2 வீதம். உலகின் மிகப் பெரிய இலத்திரனியல் ஒப்பந்த உற்பத்தியாளர், ஐபோன்களில் பெரும்பகுதியைப் பொருத்தித் தருகிற நிறுவனம், இவ்வளவு மெல்லிய இலாபத்தில்தான் ஓடுகிறது. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், அரசாங்கங்களிடம் அது ஏன் இவ்வளவு சலுகை கேட்கிறது, விடுதிச் சாப்பாட்டில் ஏன் மிச்சம் பிடிக்கப்படுகிறது, ஒரு வாடிக்கையாளர் முகம் திருப்பினால் ஏன் பதறுகிறது என்பதெல்லாம் விளங்கும்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதைப் பேசக் காரணம் உண்டு. கல்யாணப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் போகிறவர்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில், ஃபொக்ஸ்கொன்னின் ஐபோன் ஆலை இருக்கும் ஸ்ரீபெரும்புதூரைக் கடந்துதான் போகிறார்கள். வேலை முறை மாறுகிற நேரத்தில் அந்தப் பக்கம் போனால், சீருடை போட்ட பெண்களை ஏற்றிக்கொண்டு கொம்பனி பஸ்கள் வரிசையாகப் போவதைக் காணலாம். பார்த்துவிட்டு வருபவர்கள் அநேகமாகச் சொல்வது ஒன்றுதான்: “இப்பிடி ஒண்டு எங்கட பக்கம் வந்தா எங்கட பிள்ளையள் ஏன் வெளிநாட்டுக்கு ஓடுதுகள்?” காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய இடங்களில் முதலீட்டு வலயங்கள் அமைக்கும் திட்டம் பேசப்படத் தொடங்கிய பிறகு அந்தக் கேள்வி இன்னும் சத்தமாகக் கேட்கிறது. நியாயமான ஆசைதான், எனக்கும் அது உண்டு. ஆனால் இப்படிப்பட்ட ஒரு நிறுவனம் எந்தெந்த ஆபத்துகளைச் சுமந்துகொண்டு வருகிறது, அவற்றை யார் தலையில் இறக்கி வைக்கிறது என்று பார்க்காமல் வரவேற்புப் பந்தல் போடக் கூடாது.

நிறுவனத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1974இல் டெர்ரி கோ தாய்வானில் தொடங்கியபோது அது செய்தது தொலைக்காட்சிப் பெட்டியின் அலைவரிசையைத் திருப்பும் பிளாஸ்டிக் குமிழ்கள். 1988இல் சீனாவின் ஷென்சென் நகருக்குப் போனது. பிறகு செங்சோ நகரில் ஏறக்குறைய 2 இலட்சம் பேர் வேலை செய்யும் ‘ஐபோன் நகரம்’ எழுந்தது. அதன் கையில் சொல்லிக்கொள்ளும்படியான சொந்த பிராண்ட் கிடையாது. விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வாங்குபவர்தான். எனவே இலாபம் வர வேண்டிய வழிகள் மூன்றுதான்: மலிவாகக் கிடைக்கும் ஏராளமான கைகள், அரசாங்கங்கள் தரும் சலுகைகள், வேறு எவரும் செய்ய முடியாத வேகம். மூன்றில் எது தளர்ந்தாலும் அந்த இரண்டு ரூபாவில்தான் கை வைக்கும்.

அரசு தரும், அரசு எடுக்கும்

இந்தியா 2020இல் கொண்டுவந்த உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டம், 2019-20ஆம் ஆண்டை அடிப்படையாக வைத்து, அதற்கு மேல் கூடிய கைபேசி விற்பனையில் 4 முதல் 6 வீதம் வரை நிறுவனத்துக்குத் திருப்பிக் கொடுத்தது. உலகளாவிய நிகர இலாபமே 2.2 வீதமாக இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு இது எப்பேர்ப்பட்ட தொகை என்று யோசித்துப் பாருங்கள். சலுகையின் முழுப் பலனும் ஒப்பந்த உற்பத்தியாளரிடமே தங்கிவிடாது, வாங்கும் நிறுவனமும் விலையில் தன் பங்கைக் கேட்கும் என்பது உண்மைதான். அப்படியிருந்தும், ஆலையை எந்த நாட்டில் வைப்பது என்ற முடிவில் அரசுச் சலுகை எவ்வளவு எடை போடுகிறது என்பது இதில் தெளிவு. இத்தகைய திட்டங்களுக்கெல்லாம் காலவரையறை உண்டு. அது முடிகிற நாளில் கணக்குப் புத்தகத்தை மறுபடியும் திறப்பார்கள்.

அரசு எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஸ்ரீபெரும்புதூரே சாட்சி. 2006இல் அங்கே நொக்கியாவின் கைபேசி ஆலை திறந்தது. அதை நம்பி ஃபொக்ஸ்கொன்னும் பக்கத்திலேயே ஆலை போட்டது. பிறகு நொக்கியாவுக்கும் இந்திய வரித் திணைக்களத்துக்கும் இடையே பெரிய வரி வழக்கு மூண்டது. சொத்துகள் முடக்கப்பட்டிருந்ததால், நொக்கியா தன் கைபேசித் தொழிலை மைக்ரோசொஃப்டுக்கு விற்றபோது சென்னை ஆலையைச் சேர்த்துக் கொடுக்க முடியவில்லை. 2014 நவம்பரில் நொக்கியா ஆலை நின்றது. அடுத்த மாதமே ஃபொக்ஸ்கொன் ஆலையும் மூடப்பட்டது. வழக்கு ஒரு கொம்பனியின் மேல். ஆனால் வேலை போனது இரண்டு ஆலைகளிலும் நின்ற ஆயிரக்கணக்கானோருக்கு. சில ஆண்டுகள் கழித்து ஐபோனுடன் ஃபொக்ஸ்கொன் அதே ஊரில் மறுபடியும் தலையெடுத்தது என்றாலும், 2014இல் வீட்டுக்குப் போன பெண்களில் பலர் அதற்குள் ‘வயது கடந்தவர்கள்’ ஆகிவிட்டார்கள். அசெம்பிளி வரிசைக்குக் கேட்கிற வயது அப்படி.

சீனாவில் பிரச்சினை வேறு மாதிரி. 2023 ஒக்டோபரில் அங்கே ஃபொக்ஸ்கொன்னின் வரிக் கணக்குகளும் காணிப் பாவனையும் சோதனைக்கு உள்ளாகின. அப்போது டெர்ரி கோ தாய்வான் ஜனாதிபதித் தேர்தலில் சுயேச்சை வேட்பாளராகப் போட்டியிட முன்வந்திருந்தார், அடுத்த மாதம் விலகினார். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பதை வாசிப்பவர்கள் தங்கள் அனுபவத்தை வைத்து ஊகித்துக்கொள்ளலாம். 2025 நடுப்பகுதியில் இந்தியாவில் இருந்த ஃபொக்ஸ்கொன்னின் சீனப் பொறியியலாளர்கள் 300க்கும் மேற்பட்டோர் திரும்பிப் போனார்கள். உற்பத்தி இயந்திரங்களும் நிபுணர்களும் இந்தியாவுக்கு இடம்பெயர்வதைப் பெய்ஜிங் விரும்பவில்லை என்றே அந்த வேளையில் செய்திகள் வந்தன. இந்தியாவும் சளைத்ததல்ல. 2020 ஏப்ரலில், தன்னோடு தரை எல்லை பகிரும் நாடுகளிலிருந்து வரும் முதலீட்டுக்கு அரசின் முன் அனுமதி தேவை என்று விதி வைத்தது. உதிரிப் பாகம் செய்யும் சீன நிறுவனங்கள் அந்த வாசலில் காத்து நின்றால் ஐபோன் பொருத்தும் ஆலையும் காத்து நிற்க வேண்டியதுதான்.

அமெரிக்கத் தீர்வை பற்றி நம்மவர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. 2025 ஏப்ரலில் இலங்கைக்கு 44 வீதம் என்று அறிவித்து, ஆகஸ்டில் 20க்கு இறங்கிய கதையை ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் ஒவ்வொரு குடும்பமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அதே ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு 50 வீதம் வரை ஏறியது. கைபேசிகள் மட்டும் விலக்குப் பட்டியலில் இருந்ததால் ஸ்ரீபெரும்புதூர் தப்பியது. ஒரு வரி விலக்கின் நிழலில் ஒரு மாவட்டத்தின் வேலைவாய்ப்பே நின்றது.

ஐரோப்பா பக்கமிருந்து இன்னொன்று வருகிறது. கட்டாய உழைப்பால் செய்யப்பட்ட பொருட்களைத் தடை செய்யும் ஐரோப்பிய ஒன்றிய விதி 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வரும். இது உற்பத்திச் சங்கிலியின் அடி வரை தோண்டும் விதி. நமக்கு இதன் ருசி புதிதல்ல. மனித உரிமைக் காரணங்களுக்காக 2010 ஆகஸ்டில் இலங்கை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிஎஸ்பி பிளஸ் வரிச் சலுகையை இழந்து, 2017 மேயில்தான் மீண்டும் பெற்றது. இடையில் போன ஓடர்கள் எல்லாம் திரும்பி வரவில்லை.

வரிசையில் நிற்கும் பெண்கள்

ஆய்வறிக்கைகள் தொழிலாளர் விடயத்தை மூன்றாவது, நான்காவது ஆபத்தாக ஒரு பந்தியில் முடித்துவிடும். என் பார்வையில் முதலாவது இதுதான். அரசு சலுகையைக் குறைத்தாலும் போட்டியாளர் விலையைக் குறைத்தாலும் நிறுவனம் அதைச் சரிக்கட்டுவது கடைசியில் இங்கேதான்: ஆள் எண்ணிக்கையில், வேலை நேரத்தில், விடுதிச் செலவில், ஒப்பந்தத்தில் ஆள் அனுப்பும் மேன்பவர் முகவரிடம் பேசும் தொகையில்.

2021 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு நஞ்சாகி 250க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், 159 பேர் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார்கள். விடுதியை நடத்தியது ஃபொக்ஸ்கொன் அல்ல, ஒப்பந்தக்காரர். அறைகளில் பெண்கள் நெருக்கியடித்துத் தரையில் படுத்தார்கள், சில கழிப்பறைகளில் தண்ணீர் இல்லை என்ற விவரங்கள் பிறகு வெளியே வந்தன. நோயுற்ற சிலரைப் பற்றி எந்தத் தகவலும் தெரியாமல் போகவே, இறந்துவிட்டார்கள் என்ற பேச்சுப் பரவியது. கூட வேலை செய்த பிள்ளை உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. டிசம்பர் 17ஆம் திகதி இரவு பெண்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்துவிட்டார்கள். பட்டு எடுக்கப் போகிறவர்கள் கடக்கிற அதே சாலைதான். பொலிஸார் அறுபதுக்கும் மேற்பட்ட பெண்களைப் பிடித்து வைத்தார்கள். சுமார் 17,000 பேர் வேலை செய்த ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12இல்தான் திறந்தது. அப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது.

இதில் ஒரு தொழிற்சங்கம் கிடையாது, திட்டமிட்ட வேலைநிறுத்தம் கிடையாது. முறைப்பாடு சொல்ல ஒரு வழி இருந்திருந்தால், அந்தப் பெண்களை நம்பவைக்கும் வகையில் ஒருவர் வந்து பேசியிருந்தால், சாலை மறியல் வரை போயிருக்குமா? தொழிற்சங்கம் இல்லாத ஆலையில் முதலாளி நிம்மதியாக இருக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சம்பவம் நல்ல பாடம். உள்ளே பேச வழியில்லாதபோது பிரச்சினை எங்கே, எந்த நேரத்தில் வெடிக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது.

சீனாவிலும் இதுதான் நடந்தது. 2010இல் ஷென்சென் ஆலைகளில் பத்துக்கும் மேற்பட்ட இளம் தொழிலாளர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. சம்பளம் கூட்டப்பட்டது, ஆய்வுக் குழுக்கள் வந்தன. 2022 ஒக்டோபரில் செங்சோ ஆலையைக் கொவிட் முடக்கத்துக்குள் வைத்து இயக்க முயன்றபோது, தொழிலாளர்கள் பயணப் பைகளுடன் வயல்வெளி வழியாக ஊருக்கு நடந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் பேசிய போனஸ் கிடைக்காது என்று அறிந்து நவம்பரில் பாதுகாப்புப் பிரிவினருடன் மோதினார்கள். கடைசியில் வேலையை விட்டுப் போகச் சம்மதித்தவர்களுக்கு 10,000 யுவான் கொடுத்து அனுப்பினார்கள். நத்தார் விற்பனை நெருங்கும் வேளையில் ஐபோன் 14 ப்ரோ கிடைக்கத் தாமதமாகும் என்று அப்பிளே அறிவிக்க நேர்ந்தது.

மீண்டும் தமிழ்நாட்டுக்கு வருவோம். 2024 ஜூனில் ரொய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், ஸ்ரீபெரும்புதூரில் கல்யாணமான பெண்களை ஐபோன் வரிசை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று வெளியிட்டது. வீட்டுப் பொறுப்பு, கர்ப்பம், விடுப்பு என்று காரணங்கள். தாலியும் மெட்டியும் வேலைக்கு இடைஞ்சல் என்பதும் சொல்லப்பட்டது. நிறுவனம் மறுத்தது, புதிதாக எடுத்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் கல்யாணமானவர் என்றது. இந்திய மத்திய அரசு மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. நுண்ணிய மின்பாகங்களில் கை வைக்கும் இடத்தில் உலோக நகைக்குக் கட்டுப்பாடு வைப்பது தொழில்நுட்ப ரீதியில் விளங்கக்கூடியதே. அதற்காக ஆளையே வேண்டாம் என்பது வேறு விடயம். இருபத்தைந்து வயதில் கல்யாணம் கட்டினால் வேலை போகும் என்றால், அந்த ஆலை ஒரு பெண்ணுக்குத் தொழில் கொடுக்கவில்லை, கல்யாணம் வரைக்கும் ஒரு தங்குமிடம் கொடுத்திருக்கிறது. சீதனம் சேர்க்கப் பெண்பிள்ளை தானே உழைக்க வேண்டியிருக்கிற வீடுகள் நம்மிடையேயும் உள்ளன. இந்த ஏற்பாடு இங்கே எவ்வளவு சுலபமாகப் பொருந்திப் போகும் என்பதை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

தமிழ்நாட்டு அரசு 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு இடம் கொடுக்கும் சட்டமூலத்தை நிறைவேற்றியது. முதலீட்டாளர்கள் நெகிழ்வு கேட்கிறார்கள் என்பது அதற்குச் சொன்ன விளக்கம். கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மூன்றாம் நாள் அதை நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். 2024 செப்டெம்பரில் அதே வட்டாரத்தில் சாம்சுங் ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சங்கம் அமைக்கும் உரிமைக்காக 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கம் 2025 ஜனவரியில் பதிவானது. இவை ஃபொக்ஸ்கொன்னின் சொந்தக் கதைகள் அல்ல. ஆனால் பக்கத்து ஆலையில் சங்கம் வந்தால் நம் ஆலையிலும் கேட்பார்கள் என்பதை எந்த முகாமையாளரும் அறிவார்.

ஒரு நல்ல மாற்றமும் நடந்தது. 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில், ஃபொக்ஸ்கொன்னில் வேலை செய்யும் 18,720 பெண்கள் தங்கக்கூடிய விடுதித் தொகுதியை, தொழிற்பேட்டைகள் அமைக்கும் மாநில அரசின் சிப்கொட் நிறுவனம் கட்டித் திறந்தது. செலவு 706 கோடி இந்திய ரூபாவுக்கு மேல். 2021இன் அனுபவத்துக்குப் பிறகு இது அவசியமானதுதான். அதேவேளை இதையும் கவனிக்க வேண்டும்: தனியார் நிறுவனத்தின் தொழிலாளர் ஆபத்தைக் குறைக்கப் பொதுப் பணமும் பொதுக் காணியும் போயிருக்கின்றன.

போட்டி பற்றிச் சுருக்கமாக. சீனாவின் லக்ஸ்ஷேர் நிறுவனத்தைத் தொடங்கியவர் ஒரு காலத்தில் ஃபொக்ஸ்கொன்னில் வேலை செய்த பெண், கிரேஸ் வாங். இன்று அவரும் ஐபோன் பொருத்துகிறார். இந்தியாவில் டாட்டா 2023இல் விஸ்ட்ரன் ஆலையையும், 2025இல் பெகட்ரனின் இந்தியப் பிரிவில் பெரும்பங்கையும் வாங்கியது. இரண்டு தாய்வான் போட்டியாளர்களின் இடத்தில் உள்நாட்டு அரசியலை நன்கு அறிந்த ஒரே போட்டியாளர் வந்து நிற்கிறார்.

இதைவிட ஆழமான மாற்றம் ஃபொக்ஸ்கொன்னுக்கு உள்ளேயே நடக்கிறது. 2025இன் இரண்டாம் காலாண்டில் அதன் வருமானத்தில் 41 வீதம் சேர்வர், வலையமைப்புச் சாதனங்களிலிருந்து வந்தது; கைபேசி முதலான நுகர்வோர் பொருட்களிலிருந்து 35 வீதம்தான். செயற்கை நுண்ணறிவுக்கான சேர்வர்களே காரணம். ஒரு வாடிக்கையாளரை நம்பியிருந்த நிலை மாறி, இப்போது அப்பிளும், செயற்கை நுண்ணறிவுச் சில்லுகள் செய்யும் என்விடியாவும் என்று இருவரை நம்பும் நிலை. சேர்வர் வேலைக்கு ஆயிரக்கணக்கில் இளம் பெண்களின் விரல்கள் தேவையில்லை. தேவைப்படுவது மின்சாரமும் குளிரூட்டலும் பொறியியலாளரும்.

வடக்கின் கணக்கு

இனி நம் பக்கம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி வட மாகாணத்தின் மொத்த சனத்தொகையே சுமார் 10.6 இலட்சம். செங்சோ போன்ற ஓர் ஆலைக்கு 2 இலட்சம் பேர் வேண்டும் என்றால், தொட்டில் பிள்ளை முதல் முதியவர் வரை ஐந்தில் ஒருவரைக் கேட்கிறது. அது நடக்காது. அப்படிப்பட்ட ஆலையைக் கொண்டுவருவோம் என்று மேடையில் சொல்பவர்கள் கணக்குப் பார்க்கவில்லை. நடக்கக்கூடியது இரண்டாம், மூன்றாம் நிலை உற்பத்தி: கேபிள், வயர்த் தொகுதி, வார்ப்பு பிளாஸ்டிக், மின்சுற்றுப் பலகைச் சோதனை, பெட்டியிடல். கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலைகளில் வரிசை வேலையும் தரக் கட்டுப்பாடும் பழகிய பெண்கள் இருக்கிறார்கள். அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. தொழில் கைகளிலிருந்து பொறியியலாளர் பக்கம் நகர்கிற வேளையில் இந்த இரண்டாவது வளம்தான் நமக்கு அதிகப் பேரம் பேசும் பலம் தரும் என்பது என் எண்ணம்.

காணி விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2017இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் 10 பில்லியன் டொலர் முதலீடு, 13,000 வேலை என்று ஃபொக்ஸ்கொன் அறிவித்தது. அதற்காக ஒரு சிறிய ஊர் மக்களின் வீடுகளையும் பண்ணைகளையும் வாங்கி இடித்தார்கள். 2021இல் ஒப்பந்தத்தைத் திருத்தியபோது 672 மில்லியன் டொலரும் 1,454 வேலையுமாக அது சுருங்கியது. காணியின் ஒரு பகுதி பின்னர் மைக்ரோசொஃப்டின் தரவு மையத்துக்குப் போனது. 1990இல் விட்டுவந்த காணியில் ஒரு பகுதி இன்னும் கைக்கு வராமல் இருக்கிற வலிகாமம் வடக்கு மக்களிடம், வலயத்துக்காக என்று மறுபடியும் காணி கேட்பதற்கு முன் இந்த எண்களை அவர்கள் முன் வைக்க வேண்டும்.

சட்டம் நம்மிடம் இல்லாமல் இல்லை. மகப்பேற்று விடுமுறை 84 நாட்கள். 1999இல் திருத்தப்பட்ட கைத்தொழில் பிணக்குகள் சட்டப்படி, ஊழியர்களில் 40 வீதத்தினர் உறுப்பினராக உள்ள சங்கத்துடன் முதலாளி பேச மறுக்க முடியாது. சிக்கல் எங்கே என்றால், மேன்பவர் முகவர் வழியாக வந்தவர் யாருடைய ஊழியர் என்ற கேள்வியில். கட்டுநாயக்க வர்த்தக வலயத்தில் வேலை செய்துவிட்டு வந்த நம் பிள்ளைகளிடம் கேட்டால் சொல்வார்கள்: ஒரே வரிசையில் நின்று ஒரே வேலை செய்தாலும் இவருக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டப்படும், அவருக்குக் கட்டப்படுகிறதா என்று அவருக்கே தெரியாது. அந்த நாற்பது வீதக் கணக்கில் அவர் சேர்வதும் இல்லை.

ஆகவே முதலீட்டுச் சபையுடன் கம்பனி கையெழுத்திடும் ஒப்பந்தத்தை மாகாணத்தில் உள்ளவர்கள் கையெழுத்துக்கு முன்பே பார்க்கக் கேட்க வேண்டும். எத்தனை ஏக்கர், எத்தனை வருட வரி விடுமுறை என்பது எப்படியும் எழுதப்பட்டிருக்கும். எத்தனை பேர் நேரடி ஊழியர், எத்தனை பேர் முகவர் வழி என்பதும் அதில் எண்ணாக வர வேண்டும். சொன்ன வேலைவாய்ப்பு வராவிட்டால் வரிச் சலுகை எந்த ஆண்டில் நிற்கும், காணி யாருக்குத் திரும்பும் என்பது எழுதப்பட வேண்டும். கல்யாணமோ கர்ப்பமோ ஆட்சேர்ப்பைத் தடுக்காது என்பதும், விடுதியும் சாப்பாடும் பஸ்ஸும் ஒப்பந்தக்காரர் நடத்தினாலும் அவற்றுக்குப் பிரதான நிறுவனமே பொறுப்பு என்பதும் எழுதப்பட வேண்டும். 2021 டிசம்பரில் அந்தப் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து கேட்டது இந்தக் கடைசி விடயத்துக்கான பதிலைத்தான்.